தங்கச்சியின் மெஷினுக்கு ஒரு தூண்

என் அன்புத் தங்கச்சிக்கு, அண்ணன் தன் கையாலேயே எழுதுவது.

முதலில் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான், ஆனால் எழுத்துகள் கோட்டை மதிக்கவில்லை. சில இடங்களில் பேனா தாளைத் தாண்டி மேசைவரை போய்விட்டது. ஆயுசு முழுக்க நீ புத்தகம் தைத்தாய், உன் அண்ணன் அதில் ஒரு வரி படித்ததில்லை. முதியோர் வகுப்பில் சேர்ந்த பிறகு கடைப் பலகை, மருந்துச் சீட்டு, பேருந்தின் நெற்றி எதையும் விடுவதில்லை. இங்கே எல்லாரும் சுகம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உன் பைண்டிங் கடை இருக்கும் கட்டிடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் எங்களோடு வந்து இரு என்றேன். "என் வெட்டு மெஷினும் வரும். அதுக்கு இடமில்லேன்னா எனக்கும் இடமில்லை" என்று போனை வைத்துவிட்டாய். நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிடுகிறாய் என்பதால்தான் இந்தக் கடிதம். இதை நடுவில் நிறுத்த வேண்டுமானால் அந்த மெஷினில் கொடுத்து வெட்டத்தான் வேண்டும்.

மாடியில் கட்டப்போகும் வெளிச்சமான அறை உனக்கு என்று அன்றே வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா? கட்டிடம் எதைத் தாங்கும், தாங்காது என்று கணக்குப் பார்க்கிற இன்ஜினியர்தானே நம் மருமகள். முன்பெல்லாம் தாளில் கோடாக வரைந்ததை இப்போது கம்ப்யூட்டருக்குள் முழு வீடாகவே எழுப்பிவிடுகிறார்கள். நான் அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரு பொத்தானைத் தட்டிச் சுவரையெல்லாம் கழற்றினாள், தூணும் பீமும் எலும்பாக நின்றன. மண்ணுக்குள் கிடக்கும் அஸ்திவாரம்கூடத் தெரிந்தது. இத்தனை வருஷம் அதன்மேல் நடந்தவன், என்னைத் தாங்கிக்கொண்டிருந்தது எது என்று அன்றுதான் பார்த்தேன். பிறகு வீட்டையே தலைகீழாகக் கவிழ்த்தாள். நான் மேசையிலிருந்த டம்ளரைப் பிடித்துக்கொண்டேன்.

உன் மெஷினின் எடையைச் சொன்னேன்.

"பேப்பர் வெட்டுற மெஷினா மாமா, யானை வெட்டுற மெஷினா?" என்று கேட்டுக்கொண்டே எடையைப் போட்டாள். மாடித் தரை, கொடியில் போட்ட ஈரத்துணி மாதிரி தொங்கிச் சிவந்துவிட்டது. நான் எழுந்துபோய் நம் கூரையை அண்ணாந்து பார்த்தேன்.

"உக்காருங்க மாமா. கண்ணுக்குத் தெரியணும்னு வளைவைப் பெருசாக்கிக் காட்டுது. ஆனா அந்தச் சிவப்பு நெசம். இவ்வளவு கனத்தை இது தாங்காது. அடியில ஒரு பீம் போட்டு, அதுக்கு ஒரு தூணும் குடுக்கணும்."

"குடுத்துடும்மா."

"எங்க?"

அங்கேதான் ஆரம்பித்தது. திரையில் தூணை அடுப்பங்கரையில் வைத்தாள். சமைத்துக்கொண்டிருந்த என் மகன் எட்டிப்பார்த்து, "நான் என்ன தூணை வலம் வந்தா சமைக்கிறது?" என்றான். கூடத்தில் வைத்தால் தூணின் அஸ்திவாரம் கழிவுநீர்க் குழாயில் முட்டி மறுபடி சிவப்பு. இன்னோர் இடத்தில் குளியலறைக் கதவு திறக்கவில்லை. கடைசியில் என் அறையில் வைத்தாள். குழாய் இல்லை, கதவு இல்லை, சிவப்பும் இல்லை. நடுவில் என் கட்டில் மட்டும்தான். கட்டிலுக்காகச் சிவக்க அந்தப் பெட்டிக்குத் தெரியவில்லை.

முதலில் மனசு சுருங்கியது. பிறகு யோசித்தேன். நம் வீட்டில் எந்தச் சண்டையும் எல்லாம் கட்டி முடித்த பிறகுதான் வரும். இதில் ஒரு செங்கல் வைக்கும் முன்பே வருத்தப்பட்டு, சமாதானமும் ஆகிவிடலாம். நான் ஆகிவிட்டேன். கட்டிலைச் சுவரோரம் தள்ளி, தூண் வரும் இடத்தில் சாக்பீஸால் கட்டம் போட்டு, அதை மிதிக்காமல் சுற்றி நடந்து பழகுகிறேன். ஆகையால் உன் மெஷினுக்கு இடம் உண்டு. நீ சொன்ன கணக்குப்படி உனக்கும் உண்டு. வந்து சேர்.

உன் கைக்கு வேலையும் கத்திக்குக் கூர்மையும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
இனிமேல் கைநாட்டு வைக்காத உன் அண்ணன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். பிழை பார்க்க மருமகளிடம் கொடுத்தேன். முழங்கால் வரியிலேயே நின்றுவிட்டாள்.

"முழங்கால் வலிக்கிறவங்களுக்கு எதுக்கு மாமா மாடி?"

"வாக்குக் குடுத்துட்டேனேம்மா."

"உங்க ரூமை அவங்களுக்குக் குடுங்க. மெஷின் கீழ இருந்தா மண்ணே தாங்கிக்கும். நீங்க மாடிக்குப் போங்க. உங்க கனத்துக்குத் தூணே வேணாம்."

"இதை அன்னைக்கே சொல்லக் கூடாதா?"

"தூணை எங்க வைக்கிறதுன்னுதானே பார்த்துக்கிட்டிருந்தோம். ஆளை எங்க வைக்கிறதுன்னு நானும் பார்க்கலை மாமா."

கட்டத்தைத் துடைத்தாயிற்று. கால் மட்டும் இன்னும் சுற்றித்தான் போகிறது. வேறு தாளில் புதிதாக எழுதச் சொன்னாள், இதற்குப் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்? வேறு கடிதம் அடுத்த வாரம் எழுதுகிறேன். நீ கீழே குடிவந்த பிறகும் வாராவாரம் எழுதி, மாடியிலிருந்து கயிற்றில் இறக்குவேன். ஜன்னலைத் திறந்து வை.