கோழிப்பண்ணைக்கு மேல் ஒரு போர் விமானம்

போர் விமானப் படம் பார்க்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. படம் முடிந்ததும் எழுந்து போய்ச் சாப்பிட்டுத் தூங்குகிறவர்கள் ஒரு வகை. இன்னொரு வகையினர் பைக்கை எடுத்துக்கொண்டு பைபாஸுக்குப் போய், வருகிற லாரிகளையெல்லாம் எதிரியின் குண்டுவீச்சு விமானங்களாக நினைத்துக்கொண்டு, வளைவுகளில் உடம்பைச் சாய்த்துச் சாய்த்து ஓட்டுவார்கள். நான் இரண்டாவது வகை. நாமக்கல்லில் இருந்துகொண்டு இப்படி நினைத்தால் எதிரிக்குப் பஞ்சமே கிடையாது.

அந்தப் படங்களில் எனக்கு எல்லாமே பிடிக்கும். மேகத்தைக் கிழித்துக்கொண்டு வருவது, கண்ணாடியில் எண்ணெய் தெறிப்பது, கடைசிச் சொட்டு எரிபொருளில் தரையிறங்குவது. தமிழ் டப்பிங்கில் ஜெர்மன் தளபதி, "அவனைத் தப்பவிடாதீர்கள், பின்தொடருங்கள்" என்று முழங்கும்போது எனக்குப் புல்லரிக்கும். (அம்மா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இந்த வெள்ளக்காரன் உன்னையவிட நல்லாத் தமிழ் பேசறானே" என்றாள்.)

பார்த்து ஆசை அடங்காமல் நானே ஒரு விமானம் செய்தேன். அப்பாவுக்கு லாரி பாடி கட்டும் பட்டறை. அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்து, லேசான பால்சா மரத்தில் சட்டம் போட்டு, சின்ன மோட்டாரும் பேட்டரியும் வைத்து, ரிமோட்டில் பறக்கிற மாதிரி இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சண்டை விமானத்தை உருவாக்கினேன். ஒரு வருஷம் ஆனது. பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக வண்ணமடித்து, மூக்கில் சுறாப்பல் வரையச் சொல்லிப் பட்டறைப் பெயின்டர் செல்வம் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் சொன்னதைச் செய்துவிட்டு, இறக்கைகளின் அடியில் இமையோடு இரண்டு பெரிய கண்களையும் சேர்த்து வரைந்திருந்தார்.

"எதுக்குங்ணா கண்ணு?"

"ரோட்டுக்குப் போற வண்டிக்குக் கண்ணு வேணும் தம்பி."

"இது ரோட்டுக்குப் போகாதுங்ணா. வானத்துல போறது."

"அப்ப இன்னும் பெருசா வரஞ்சிருக்கோணும்" என்று வருத்தப்பட்டார். திருஷ்டிக்காக வாலில் ஒரு கறுப்புக் கயிறும் கட்டிவிட்டார்.

வற்றிய ஏரியில் அது முதல்முறை எழும்பியபோது நான் குதித்த குதியை ஆடு மேய்த்தவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் எனக்குப் பெண் அமைந்தது. அப்போது முப்பது தாண்டிவிட்டது. எங்கள் பக்கத்தில் அந்த வயதில் ஒரு பையனுக்குப் பெண் அமைவதென்றால் வீட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடமாடுவார்கள். பெண் பெயர் சங்கீதா. அவளுடைய அப்பா பெரிய கோழிப்பண்ணை வைத்திருந்தார். போட்டோ பார்த்தேன், போனில் இரண்டு வார்த்தை பேசினேன், எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. இந்த இடமும் தட்டிப்போனால் நான் உடைந்துபோவேன் என்று எனக்கே தெரிந்தது.

உறுதி வார்த்தை பேச ஒரு திங்கட்கிழமை காலையில் போனோம். அவர்கள் வீடு பண்ணைக்குள்ளேயே இருந்தது. ராகு காலம் முடிந்த பிறகு வார்த்தை பேசலாம் என்று பெரியவர்கள் காபியோடு உட்கார்ந்துவிட்டார்கள். அதுவரை பையனும் பெண்ணும் வெளியே நின்று பேசட்டும் என்று எங்களை அனுப்பினார்கள்.

வெளியே போனதும், "வெயில் இப்பவே அடிக்குதுங்க" என்றேன். "ஆமாங்க" என்றாள். வேறு வழியில்லாமல் விமானத்தைப் பற்றி ஆரம்பித்தேன். ஆரம்பித்தேனே தவிர நிறுத்தத் தெரியவில்லை. எந்தப் படத்தில் எந்த விமானம் எப்படித் திரும்பியது என்று கையை விரித்து நடித்தே காட்டினேன்.

"ஏனுங்க, நீங்க செஞ்சது நெசமாவே பறக்குமுங்களா?" என்று கேட்டாள்.

"கார் டிக்கிலதாங்க இருக்குது."

(திரும்பும்போது ஏரியில் பறக்கவிடலாம் என்று எடுத்து வந்திருந்தேன். கல்யாணம் பேசப் போகிற காரில் தாம்பூலத் தட்டுக்குப் பக்கத்தில் சுறாப்பல்லோடு ஒரு போர் விமானம்.)

"இங்க விட்டாக் கோழி மெரளாதுங்களா?" என்று அவள் கேட்கத்தான் செய்தாள்.

இங்கேதான் என் அறிவு வேலை செய்தது. நாமக்கல்லில் பிறந்த யாருக்கும் தெரியும், பண்ணை பக்கத்தில் சத்தம் கூடாது. தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்க மாட்டார்கள். அதையெல்லாம் பொறுப்போடு யோசித்துவிட்டு, "இது பேட்டரி மோட்டாருங்க, சத்தமே வராது" என்றேன். சத்தத்தைத்தான் யோசித்தேன். வானத்திலிருந்து சத்தமில்லாமல் வருகிற ஒன்றுக்குத்தான் கோழி பரம்பரை பரம்பரையாகப் பயப்படுகிறது என்பதை யோசிக்கவில்லை.

கையால் வீசினேன். ஜிவ்வென்று எழும்பியது. அடடா, அந்தக் காலை வெயிலில் அது சாய்ந்து திரும்பிய அழகு! சங்கீதா வாயில் கை வைத்துச் சிரித்தாள். நான் மெய்ம்மறந்து அதைத் தாழ்வாகக் கொட்டகைகளின் ஓரமாக ஓட்டினேன். சாய்வெயிலில் அதன் நிழல் கம்பிவலை நெடுகக் கூண்டு கூண்டாக ஓடியது.

ஒரு நொடி பண்ணையே அமைதியானது. அடுத்த நொடி பல்லாயிரம் கோழிகள் ஒரே குரலில் கத்தின. அப்படி ஒரு சத்தத்தை நான் எந்தப் போர்ப் படத்திலும் கேட்டதில்லை. இறகு புகை மாதிரி வெளியே வந்தது. முட்டையிடுகிற நேரம் வேறு.

மாமா, அதாவது மாமா ஆகலாமா என்று இன்னும் முடிவாகாதவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். பின்னால் இரு வீட்டுச் சொந்தமும் வந்தது.

"பருந்தா?" என்றார் மேலே பார்த்து. பருந்துக்குக் கண் இறக்கையில் இருக்காதே என்று குழம்பியவர், என் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார். "எறக்குங்க மாப்ள."

"எறக்கோணும்னா இன்னொரு சுத்து சுத்தித்தானுங்க மாமா வரோணும்."

சுற்றினேன். மறுபடி நிழல் ஓடியது, மறுபடி கோழிகள் கத்தின. கொட்டகைகளுக்கு நடுவே இறக்கப் பார்த்தேன், தண்ணீர்த் தொட்டி குறுக்கே நின்றது. மேலே தூக்கினேன். இன்னொரு சுற்று. தரையிறங்க முயலும் ஒவ்வொரு முறையும் நான் பண்ணையைத் தாக்கிக்கொண்டிருந்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"அக்கட்டால குச்சிக்கெழங்குக் காட்டுல தள்ளிவுடுங்க" என்றாள் சங்கீதா.

தள்ளிவிடுவதா? ஒரு வருஷ உழைப்பு. ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் அது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் யோசித்தேன். யோசிப்பதற்கு இன்னொரு சுற்றும் தேவைப்பட்டது.

"எதைத் தொட்டாக் கீழ போகுமுங்க?" என்று கேட்டாள்.

"இந்தக் குச்சிய முன்னால தள்ளுனா மூக்கு எறங்குமுங்க" என்று, அந்த நிலைமையிலும் பெருமையாக விளக்கினேன். விமானம் அந்த மரவள்ளிக் கிழங்குக் காட்டுக்கு மேலே போனபோது அவள் ரிமோட்டைப் பிடுங்கிக் குச்சியை முழுதாகத் தள்ளினாள். நேரே தலைகுப்புற இறங்கியது. மடாரென்று பால்சா முறிகிற சத்தம் கேட்டது.

ராகு காலம் முடிந்திருந்தது. ஆனால் யாரும் வார்த்தை பேசவில்லை. "ஊட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றோமுங்க" என்றார் மாமா. அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். திரும்பும் வழியில் அப்பா ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார்: "பொண்ணு ஊட்டுக்குத் தேங்கா பழம் கொண்டு போவாங்க. இவன் குண்டு போடப் போயிருக்கறான்."

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. விமானத்தை நான் நினைக்கவே இல்லை, அவள் முகம்தான் வந்தது. பிறகு ஒரு நாள் மாமாவே அப்பாவுக்குப் போன் செய்து, பெண்ணுக்குச் சம்மதம் என்றார். அவள் வீட்டில் சொன்ன காரணத்தைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "கோழியவிட அவருதானுங்கப்பா ஜாஸ்தியா பயந்துட்டாரு. பாவமாப் போச்சு" என்றாளாம்.

கோழிகள் அவ்வளவு சீக்கிரம் மன்னிக்கவில்லை. பயந்த கோழி ஓடில்லாமல் தோல்முட்டை போடும். அன்றைக்குப் பிறகு சில நாள் கூடை கூடையாகத் தோல்முட்டைதான். பண்ணையில் அதற்கு 'மாப்பிள்ளை முட்டை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள்கூட அதுதான் அசல் பெயர் என்று நம்புகிறார்கள்.

போன மாதம் பண்ணைக்குப் புதிதாக ஒரு கோழி டாக்டர் வந்தார். முட்டை பொறுக்கும் அக்கா கூடையைக் காட்டி, "இன்னைக்கு மாப்பிள்ளை முட்டை நாலஞ்சு வந்திருக்குதுங்க" என்றார்.

"அது எந்த நோய்லம்மா வருது?" என்றார் டாக்டர்.

மாமா தீவன மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த என்னைக் கையால் காட்டினார். டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தாடையில் தொங்கிய முகக்கவசத்தை மூக்கு வரை ஏற்றிக்கொண்டார்.