மேப்பிள் கட்டையும் என் கொட்டாப்புளியும்

பேட் என்று இருந்தால் ஆடுவதற்கு முன் அதை அடித்துப் பழக்க வேண்டும் என்று நாற்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். கிரிக்கெட் பேட்டுக்கு அது சரிதான். அந்த மரம் மென்மையானது. புதுசாக வாங்கினால் ஆளிவிதை எண்ணெய் பூசி, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியால் பொறுமையாகத் தட்டி இறுக்கினால்தான் முதல் பந்திலேயே பிளக்காமல் இருக்கும். பேஸ்பால் பேட்டுக்கும் அதே சட்டம் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. (நான் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.)

அப்போது தோஹா தொழில்பேட்டையில் ஒரு மரவேலைப் பட்டறைக்கு நான் ஃபோர்மேன். எங்கள் மேனேஜர் ஸ்காட், அமெரிக்கர். வெள்ளிக்கிழமை காலையில் தன் நாட்டுக்காரர்களோடு பேஸ்பால் ஆடுவார். அவரிடம் இரண்டு பேட் இருந்தன. ஒன்று ஆஷ் மரத்தில் செய்த பழையது. இன்னொன்று அப்போதுதான் அவர் ஊரிலிருந்து வந்திறங்கிய மேப்பிள். மேப்பிளில் அடித்தால் பந்து கூடுதல் தூரம் போகும் என்பது அவர் கட்சி. அதெல்லாம் வெறும் பேச்சு, காலங்காலமாக ஆடிய ஆஷ்தான் உசத்தி என்பது அவர் நண்பர்களின் கட்சி. வருகிற வெள்ளிக்கிழமை இரண்டிலும் பத்துப் பத்துப் பந்து அடித்துப் பார்த்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. அதற்குள் இரண்டையும் மாட்டிவைக்க ஒரு ஸ்டாண்ட் செய்து தரச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை காலையில் பேட்டுகளை என்னிடம் கொடுத்தார்.

அதே காலையில் நானும் அவரிடம் ஒரு காகிதம் கொடுத்திருந்தேன். என் மனைவி செல்வியையும் மகளையும் அழைத்துவர, கம்பெனிக்கு ஆட்சேபணை இல்லை என்கிற கடிதம். அவர் கையெழுத்துப் போட்டால் குடும்ப விசா. இல்லாவிட்டால் இன்னும் எத்தனை வருஷம் போனிலேயே குடித்தனமோ. ஊரில் மகளுக்குப் பள்ளியில் டி.சி.யும் வாங்கியாகிவிட்டது. செல்வி தினமும் கூப்பிட்டு, "கையெழுத்து ஆச்சா?" என்பாள். ஆகிக்கொண்டே இருக்கிறது என்பேன்.

மேனேஜர் மனம் குளிர ஏதாவது செய்தாக வேண்டும். புத்தம் புது பேட் கையில் இருக்கிறது. கொட்டாப்புளியும் இருக்கிறது. திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தேன்.

வார்னிஷ் எண்ணெயைக் குடிக்காது என்று முதலில் உப்புத்தாள் போட்டு அதைச் சுரண்டி எடுத்தேன். பிறகு எண்ணெய். பிறகு அடி. என்னோடு வேலை பார்த்த ஆரோக்கியம், தூத்துக்குடிக்காரன், சோற்றுத் தட்டோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இது உருண்டையால்லா இருக்கு. எந்தப் பக்கம் தட்டுவீய?"

"எல்லாப் பக்கமுந்தாம்ல."

மேப்பிள் கெட்டி மரம். சமையலறை அலமாரி செய்து செய்து அது எனக்குத் தெரியும். கெட்டி மரம் என்றால் அடிக்கவே வேண்டாம் என்றுதானே மரவேலைக்காரனுக்குத் தோன்ற வேண்டும்? இரண்டு மடங்கு அடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நான்கு நாள் அடித்தேன். விழுந்த பள்ளங்களை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தேன்.

வியாழக்கிழமை ஆரோக்கியம் போனை நீட்டினான். "அண்ணாச்சி, இதக் கொஞ்சம் பாருங்க." ஆஷ் பேட் பழசானால் ஏடு ஏடாக உரிந்து, நான் போகப் போகிறேன் என்று நோட்டீஸ் கொடுக்குமாம். மேப்பிள் அப்படி இல்லையாம். ஒருவரிடமும் சொல்லாமல் தொழிலாளர் கேம்ப்பைவிட்டு ஓடிப்போகிற ஆள் மாதிரி, ஒரே நொடியில் முறிந்து, ஈட்டியாகப் பறக்குமாம். வீடியோவில் பறந்தது.

ஓடிப்போய் பேட்டைத் திருப்பிப் பார்த்தேன். கைப்பிடிக்கு மேலே நீளமாக ஒரு கறுப்புக் கோடு. விரிசல்.

சொன்னால் கையெழுத்துப் போச்சு. சொல்லாவிட்டால் மேனேஜரே போய்விடுவார், வயிற்றில் மேப்பிளோடு. அதில் என் பசையும் ஒட்டியிருக்கும். செல்வியின் போனை அன்று நான் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஸ்டாண்டையும் பேட்டுகளையும் மைதானத்துக்கே கொண்டுபோனேன். பொட்டல் மணல், ஓரத்தில் கூடாரம். நான் சைட் ஹெல்மெட்டும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு கூடாரத்துக்குப் பின்னால் நின்றேன். பேஸ்பால் பார்க்க இந்த அலங்காரத்தில் வந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். ஸ்காட் ஆஷில் பத்துப் பந்து அடித்தார். விழுந்த இடங்களில் சின்னச் சின்னக் கொடிகள் நட்டார்கள், எல்லாம் ஒரே வெள்ளை. பிறகு மேப்பிளை எடுத்தார். கொஞ்சம் பிசுபிசுப்பாக இருந்ததோ என்னவோ, கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டார்.

முதல் பந்து. கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவது. ஹெல்மெட்டை இறுக்கிக்கொண்டேன். மூன்றாவதில் பேட்டிலிருந்து ஏதோ துணுக்குப் பறந்தது. (அது என் மரத்தூள்.) அவ்வளவுதான். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினேன்.

"சார், ஸ்டாப்! பேட் கலாஸ்! ஃபோர் டேஸ் ஐ பீட்!"

(கலாஸ் என்றால் அரபியில் தீர்ந்தது.) ஆட்டம் நின்றது. எனக்குத் தெரிந்த ஆங்கிலம், இந்தி, அரபி எல்லாவற்றையும் குழைத்து ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டேன். உப்புத்தாள், எண்ணெய், கொட்டாப்புளி, பசை. கேட்காமலே, முந்தின மாதம் அவர் மேஜைக் காலில் பட்ட கீறலையும் சேர்த்துச் சொன்னேன்.

ஸ்காட் பேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் சுண்டிக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு கோட்டின் மேல் நகத்தை ஓட்டிக் காட்டி, இது மரத்தின் ரேகை, எண்ணெய் பட்டுக் கறுத்திருக்கிறது என்றார். இருபது வருஷம் மரத்தோடு கிடந்தவனுக்கு ரேகைக்கும் விரிசலுக்கும் வித்தியாசத்தை ஒரு மேனேஜர் சொல்லித் தந்தார். அவர் ஊரிலும் சிலர் பேட்டை எலும்பு வைத்துத் தேய்த்து இறுக்குவார்களாம். சுத்தி எடுத்தவரை அவர் இதுவரை பார்த்ததில்லையாம்.

எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மீதி ஏழு பந்தையும் அதே பேட்டில் அடித்தார். பேட் உடையவில்லை. எது ஆஷ் கொடி, எது மேப்பிள் கொடி என்று பிரிக்க முடியாமல் இருபதும் ஒரே கும்பலாகக் கலந்து நின்றன. அமெரிக்கர்கள் மட்டும் விடாமல் சண்டை போட்டார்கள்.

கூடாரத்தில் ஸ்காட் எனக்குத் தண்ணீர் கொடுத்து, எதற்காக இதைச் செய்தாய் என்று கேட்டார். கடிதத்தைச் சொன்னேன். அதை நான் கொடுத்த அன்றைக்கே மந்தூபிடம் (விசா ஆபீஸுக்குக் காகிதம் தூக்கிக்கொண்டு அலைகிற கம்பெனி ஆள்) கொடுத்துவிட்டதாகச் சொன்னார். மந்தூப் எனக்குச் சொல்ல மறந்திருந்தார்.

இப்போதும் வீட்டுக்கு யார் வந்தாலும், தோஹாவுக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டால் செல்வி உடனே ஆரம்பித்துவிடுவாள்: "எங்க வீட்டுக்காரர் நாலு நாள் ஒரு கட்டையப் போட்டு அடிச்சாரு, அதான் வந்தோம்." மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரித்துவைப்பேன்.

ஸ்காட் கையெழுத்துப் போட்டது ஞாயிற்றுக்கிழமை மதியம். நான் முதல் அடி அடித்தது திங்கட்கிழமை.