ஹெல்மெட்டுக்குச் செய்வினை எடுக்கப்படும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் காங்கேயம் ரோட்டுக் கொட்டகை முன்னால் வரிசை வளைந்து நின்றது. ரேஷன் கடையில்கூட இவ்வளவு ஒழுங்கை யாரும் பார்த்திருக்க முடியாது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு சைக்கிள் ஹெல்மெட். காதுகுத்துக்குக் கொண்டு வந்த குழந்தையைப்போல இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றார்கள். வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தது.

'தலை அரிக்கிறதா? முடி கொட்டுகிறதா? ஹெல்மெட்டிலிருந்து கருப்பாக உதிர்கிறதா? சந்தேகமே வேண்டாம், செய்வினைதான்! தலைக்காவல் சுவாமிகள் அருளால் ஹெல்மெட் செய்வினை எடுக்கப்படும். அருள்வாக்கு இலவசம். தட்சணை தனி.'

வீட்டுக்கு வாஸ்து பார்க்க ஆள் உண்டு. லாரிக்கு எலுமிச்சம்பழம் கட்ட ஆள் உண்டு. ஹெல்மெட்டுக்குத்தான் இதுவரை நாதியில்லாமல் இருந்தது. அந்தக் குறையும் தீர்ந்தது.

வரிசையின் கடைசியில் ரோஸ்மேரி நின்றாள். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. ஒரு நாளைக்கு ஆயிரம் பீஸ் கையில் எடுத்து, ஓட்டை எங்கே, கறை எங்கே, தையல் விட்டது எங்கே என்று பார்க்கிறவள். அவள் கையில் ஹெல்மெட் இல்லை, ஒரு துணிப்பை மட்டும் இருந்தது. அவள் செய்வினை எடுக்க வரவில்லை. செய்வினை வைத்தவள் என்று பெயரெடுத்து வந்திருந்தாள்.

கதை மூன்று வருடத்துக்கு முன்னால் தொடங்கியது. கம்பெனியைப் பார்க்க வந்த, பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் ஒருவர், முன்னூறு பேர் சைக்கிளில் வருவதைக் கண்டார். லாரி பறக்கிற ரோட்டில் வெறுந்தலையோடு வருகிறார்களே என்று அந்த மனுஷன் பதறிப்போனார். ஹெல்மெட் கொடுத்தால்தான் அடுத்த ஆர்டர் என்றார். ஆர்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் முதலாளிக்குத் தொழிலாளியின் தலைமேல் அன்பு பொங்கியது. மறு வாரமே முன்னூறு ஹெல்மெட் வந்து இறங்கியது.

வந்ததோடு சரி. மூன்று வருட வியர்வை, மூன்று வருடத் தேங்காய் எண்ணெய், மூன்று மழைக்காலம். உள்ளே தலைக்கு மெத்தையாக ஒட்டியிருந்த பேடுகள் சப்பையாகின. ஸ்பாஞ்சு கருப்புக் கருப்பாக உதிர்ந்து தலையில் விழுந்தது. ஒட்டுப்பட்டை பிடி விட்டது. தலை அரித்தது.

பனியன் கிழிந்தால் நைந்துபோச்சு என்பார்கள். டயர் வழுக்கையானால் தேய்ந்துபோச்சு என்பார்கள். தலைமேல் இருக்கிற ஸ்பாஞ்சு தேய்ந்தால் மட்டும் யாரோ சூனியம் வைத்துவிட்டார்களாம்! பர்சனல் மேனேஜரிடம் பேடு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டபோது, அடுத்த ஆடிட்டுக்குப் பார்க்கலாம் என்றார். அதே மேனேஜர்தான் சுவாமிகளின் கொட்டகைக்குக் கம்பெனியிலிருந்து கரண்ட் இழுத்துக் கொடுத்தார். செய்வினை என்றால் சுவாமி பார்த்துக்கொள்வார். ஸ்பாஞ்சு தேய்ந்தது என்றால் கம்பெனியல்லவா பார்க்க வேண்டும்?

சுவாமிகளின் முறை எளிமையானது. ஹெல்மெட்டிலிருந்து பேடைப் பிய்ப்பார். சொம்பிலிருந்து மஞ்சள் தீர்த்தத்தை அதன்மேல் ஊற்றுவார். வெள்ளைப் பனியன் துணிமேல் வைத்துப் பிழிவார். துணியில் ரத்தச் சிவப்பாக இறங்கும். கூட்டம் ஐயோ என்று அலறும். பிறகு எலுமிச்சம்பழத்தை அறுத்து அந்தச் சிவப்பின்மேல் பிழிவார். சிவப்பு மறைந்து மஞ்சளாகிவிடும். செய்வினை கழிந்தது! பழைய பேடு இனி ஆகாது என்று, இமயமலை மூலிகைப் பஞ்சு வைத்த 'ரட்சைப் பேடு' ஒன்றை அவரே ஒட்டித் தருவார். சில பேடுகள் முதலில் சிவக்காமல் அடம்பிடிக்கும். அதற்கும் அவரிடம் வழி இருந்தது. தன் விபூதியைக் கொஞ்சம் அதன்மேல் தேய்த்துவிட்டு மறுபடி ஊற்றுவார். விபூதிக்குப் பயந்து செய்வினை உடனே வெளியே வந்துவிடும்.

ரோஸ்மேரிக்குப் பக்கத்து டேபிளில் வேலை பார்ப்பவள் கருத்தம்மா. உசிலம்பட்டிப் பக்கம். ஒரே காம்பவுண்டில் எதிரெதிர் வீடு, ஒரே குழாய், ஒரே சோற்றுப் போசியில் பாதிப் பாதி. போன மாதம் கருத்தம்மாவுக்குக் காய்ச்சல். ரோஸ்மேரி தன் பேடைத் துவைக்கும்போது அவளுடையதையும் சேர்த்து, அழுக்குப் போகட்டும் என்று சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டுப் பிழிந்து காயவைத்துக் கொடுத்தாள்.

அந்தப் பேடுதான் சுவாமியின் துணியில் மற்ற எல்லாவற்றையும்விடச் சிவப்பாக இறங்கியது.

"மகளே, இதை வேறொரு பெண்ணின் கை தொட்டிருக்கிறது" என்றார் சுவாமி கண்ணை மூடிக்கொண்டு.

கருத்தம்மா கும்பிட்டாள். "ஆமா சாமி. ரோஸ்மேரிதான் தொவச்சுக் குடுத்தா."

"அவள்தான்."

விசாரணை முடிந்தது. கோர்ட்டில்கூட ஒரு வாய்தா கொடுப்பார்கள். மறுநாள் ரோஸ்மேரியின் டேபிளுக்கு இரண்டு பக்கமும் ஆள் இல்லை. அவள் கைபட்ட பீஸை மடிக்கக்கூட யாரும் வரவில்லை. கருத்தம்மா குழாயடியில் குடத்தைத் தூக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுதான் ரோஸ்மேரிக்கு நெஞ்சில் குத்தியது. அன்று வீட்டுக்கு வந்து அழுதாள். அடுத்த தெரு ஜெபக்கூட்டத்து அக்கா ஒருத்தி, ஹெல்மெட்டில் தடவினால் எல்லாம் சரியாகும் என்று ஜெபம் பண்ணின எண்ணெய் ஒரு பாட்டில் கொண்டு வந்து கொடுத்தாள். ரோஸ்மேரி அதை வாங்கி சைக்கிள் செயினுக்கு விட்டாள்.

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் ஈஸ்வரமூர்த்தி கூப்பிட்டார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் எல்லாரையும்போல வம்பு என்றால் ஒதுங்குகிறவர்.

"ஏனுங் அம்மிணி, நான் நம்பறனா இல்லியாங்கறது வேற விசியமுங்க. லைன்ல ஒருத்தரும் உங்க பக்கத்துல நிக்க மாட்டீங்கறாங்க. ஞாயித்துக்கெழம சாமிகிட்ட வந்து, எல்லார்த்துக்கும் முன்னால ஒத்துக்கிட்டுப் பரிகாரம் பண்ணிப்போடுங்க. இல்லீன்னா திங்கக்கெழம வர வேண்டாமுங்க."

"செய்யாத தப்ப ஒத்துக்கிடணுமா சார்?"

"ஒரு வார்த்தைதானுங்க."

ஒரு வார்த்தைதான். அதற்கப்புறம் இந்த ஊரில் எந்தக் கம்பெனியிலும் சூனியக்காரிக்கு வேலை கிடையாது.

அன்று மாலை மீன் குழம்புக்கு மஞ்சள் சேர்த்து மசாலா அரைத்த கையைத் துணிச் சோப்பால் கழுவினாள். நுரை சிவந்து வழிந்தது. தினமும் வழிகிற சிவப்புத்தான். அன்றைக்குத்தான் அதைப் பார்த்தாள். ஒரே கறை பத்து பீஸில் வந்தால் செக்கிங்காரி பேய் என்று சொல்ல மாட்டாள், எந்த மெஷினில் தைத்தது என்று கேட்பாள். யார் யார் பேடு சிவந்தது என்று எண்ணிப் பார்த்தாள். சோப்பும் சோடாவும் போட்டுச் சரியாக அலசாதவர்களுடையது தானாகச் சிவந்தது. துவைக்கவே துவைக்காத சோம்பேறிகளுடையதற்குத்தான் விபூதி தேவைப்பட்டது. ஒரு வாரத்தில் முதன்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது.

சனிக்கிழமை மதியம், ஈஸ்வரமூர்த்தியைக் கெஞ்சிக் கூத்தாடி, ராக்கையாவின் சைக்கிள் கடைக்குக் கூட்டிப்போனாள். ஹெல்மெட் பேடு தனியாகக் கிடைக்குமா என்று கேட்டாள்.

"செட்டாவே கெடைக்கும்க்கா" என்றார் ராக்கையா. "மாசம் ஒருக்காக் கழட்டி, லேசான சோப்புத் தண்ணியில அலசி, நுரை போறவரைக்கும் நல்ல தண்ணி விட்டு, நெழல்ல காயப்போடணும். சப்பையாச்சுன்னா மாத்திரணும். பேடு தேஞ்ச ஹெல்மெட்டு லூசா ஆடும். கீழ விழுறப்போ தலை ஒரு பக்கம், ஹெல்மெட்டு ஒரு பக்கம்."

"சோடாவுல ஊறப்போட்டா?"

"அய்யய்யோ! ஸ்பாஞ்ச அரிச்சுரும். மிச்சம் இருந்தா தலையும் அரிக்கும்."

ரோஸ்மேரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். கருத்தம்மாவின் அரிப்பில் பாதி அவள் கைங்கரியம்தான். செய்வினை வைக்கவில்லை, அலசாமல் வைத்திருக்கிறாள். ஈஸ்வரமூர்த்தியையே பணம் கொடுத்து ஒரு செட்டு பேடு வாங்கச் சொல்லி, அவர் கண் முன்னாலேயே ஒரு பேடை எடுத்துச் சோடாத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தாள். மீதியைப் பாக்கெட்டோடு அவர் கையிலேயே கொடுத்தாள்.

"எதுக்குங்க இது?"

"நாளைக்குத் தெரியும் சார்."

ஆக, ஞாயிற்றுக்கிழமை. ரோஸ்மேரியின் முறை வந்தது. கூட்டம் மூச்சு விடாமல் பார்த்தது. கருத்தம்மா முன்வரிசையில் நின்று, ரோஸ்மேரியின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

"பாவத்தை ஒத்துக்கொள் மகளே" என்றார் சுவாமி.

"ஒத்துக்கிடுதேன் சாமி. அதுக்கு முன்னால இந்தப் பேடுக்கு யாரு செய்வினை வச்சான்னு மட்டும் சொல்லிருங்க."

அவள் துணிப்பையிலிருந்து எடுத்து நீட்டிய பேடைச் சுவாமி கூட்டத்தைப் பார்த்தபடியே வாங்கினார். தீர்த்தம் ஊற்றினார், பிழிந்தார். துணி சிவந்தது. கூட்டம் அலறியது. சுவாமிக்கு அருள் வந்து உடம்பு ஆடியது. "ஐயையோ! கடும் செய்வினை! ஏழு வருடமாக இதை அணிந்தவன் தலையில் சனி குடியிருக்கிறான்! மூன்று மாதத்தில் கண்டம்!"

"ஏழு வருசமாவா சாமி?"

"ஏழு!"

ரோஸ்மேரி திரும்பினாள். "சார், இதை எப்ப வாங்குனீய?"

ஈஸ்வரமூர்த்தி சட்டைப்பையிலிருந்து பில்லை எடுத்தார். அவருக்கு வம்பு பிடிக்காது, ஆனால் பொய்யும் அவ்வளவாகப் பிடிக்காது. "நேத்து மத்தியானமுங்க" என்றார். "இதுவரைக்கும் ஒரு தலையிலயும் ஏறலீங்க."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுவாமி பேடைத் தூக்கிப் பிடித்தார். "கடைக்காரன் வைத்திருக்கிறான்!" என்றார்.

"அப்ப பாக்கெட்டு முழுக்க இருக்கணும்லா?" ரோஸ்மேரி பாக்கெட்டை வாங்கி இன்னொரு பேடை எடுத்து ஈஸ்வரமூர்த்தியிடம் நீட்டினாள். "சார், நீங்களே ஊத்துங்க. சாமி சொம்புதான், சாமி தீர்த்தந்தான்."

ஊற்றிப் பிழிந்தார். மஞ்சள்தான் வந்தது. சுவாமியின் கை விபூதித் தட்டுக்குப் போனது. ரோஸ்மேரி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பையிலிருந்து சோடாத் தண்ணீர் டப்பாவை எடுத்து மஞ்சள் துணிமேல் நாலு சொட்டு விட்டாள். சிவந்தது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். மஞ்சளானது. மறுபடி சோடா. சிவப்பு. மறுபடி எலுமிச்சை. மஞ்சள்.

"செய்வினை வந்துட்டு, போயிட்டு. திரும்ப வந்துட்டு, திரும்பப் போயிட்டு. இன்னும் எத்தன தடவ வேணும்? சோடா தீந்தா சாமி விபூதி இருக்கு, அதுல சுண்ணாம்புதான்."

திடீரென்று கருத்தம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அடியாத்தீ! மஞ்சத்தண்ணி, சுண்ணாம்பு... இது ஆரத்திடி! போன வாரம் எங்கண்ணன் மக சடங்குக்கு நாந்தான கலக்குனேன்!"

வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் வாழ்நாளில் நூறு ஆரத்தி கரைத்தவர்கள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது பிறந்த குழந்தைக்கும் தெரியும். தன் வீட்டுத் தட்டில் இருந்தால் ஆரத்தி. சாமியார் சொம்பில் இருந்தால் சூனிய ரத்தம்!

ரோஸ்மேரி நூல் வெட்டும் கட்டரை எடுத்து ஒரு ரட்சைப் பேடின் தையலைப் பிரித்தாள். இமயமலை மூலிகை வெளியே வந்தது. அவர்கள் கம்பெனியின் வேஸ்ட் துணி. அதில் ஒரு துண்டில், செக்கிங்கில் ரிஜெக்ட் பீஸுக்கு ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.

"ஏனுங்க, பொழப்புங்க... சின்னப் பொழப்பு" என்றார் சுவாமி. செந்தமிழ் இறங்கிவிட்டது. அவர் பெயர் தரணீதரன் என்பதும், முன்பு பழைய சோபாவுக்கு ஸ்பாஞ்சு மாற்றுகிற வேலை பார்த்தவர் என்பதும் அதற்கப்புறம் தெரிந்தது. தேய்ந்த ஸ்பாஞ்சை மாற்ற வேண்டும் என்று அந்தக் கூட்டத்திலேயே தெளிவாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பெண்கள் துணியையும் தட்டையும் தூக்கி வீசத் தொடங்கியதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கத் தட்டியைப் பிய்த்துக்கொண்டு ஓடினார்.

"ஆனா எனக்கு அரிப்பு நின்னுச்சே?" என்று ஒருவர் விடாமல் கேட்டார்.

"பழைய பேடப் பிச்சுப் போட்டாருல்லா? நிக்காம என்ன செய்யும்?" என்றாள் ரோஸ்மேரி.

அவர் யோசித்தார். பிறகு, "அப்ப இனிமே எந்தச் சாமிகிட்டங்க போறது?" என்றார். இந்த நாடு ஏன் இப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால் அவர் முகவரியைத் தரலாம்.

திங்கட்கிழமை முன்னூறு பேரும் ஹெல்மெட்டைத் தலையில் வைக்காமல் பர்சனல் மேனேஜர் மேஜைமேல் கொண்டுபோய் வைத்தார்கள். மேஜையில் இடம் போதாமல் நாற்காலி, ஜன்னல், வாசல் எல்லாம் ஹெல்மெட். அந்த வாரமே புதுப் பேடு வந்தது. கொட்டகைக்குப் போன கரண்ட் வயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்தத் திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கருத்தம்மா போசியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "மன்னிச்சுருடி. எம்புத்தி எங்க போச்சுன்னே தெரியல. அந்த ஆளு சொன்னதும் அப்படியே நம்பிட்டேன். உன்னப் போயி..."

ரோஸ்மேரி தன் போசியைத் திறந்தாள். கோபம் இன்னும் இருந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை. மீன் துண்டு ஒன்றை எடுத்துக் கருத்தம்மாவின் சோற்றில் வைத்தாள்.

"ஹெல்மெட்டுக்குள்ள இருக்க பஞ்சு போட்டுப் போட்டுத் தேயும். அத மாத்திரலாம். தலைக்குள்ள இருக்க புத்தி உபயோகிக்காம வச்சிருந்தாத்தான் தேயும். அதுக்கு எந்தக் கடையிலயும் செட்டு கெடைக்காது, பாத்துக்க."