அறுநூறு ரூபாய்க் காற்றும் ஆறாயிரம் ரூபாய்க் காற்றும்

திருச்சானூர்,
மார்கழி 14.

மகாராஜராஜஸ்ரீ யதிராஜ் அத்திம்பேர் திருவடிகளில் அடியேன் தோதாத்ரி தெண்டன் சமர்ப்பித்து எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் கமலவல்லியும் க்ஷேமம். அவ்விடம் தங்கள் க்ஷேமத்தையும் அலர்மேல் அக்காவின் க்ஷேமத்தையும் விசாரிப்பதுதான் முறை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை அக்கா போனில் ஒரு மணி நேரம் பேசி, தங்கள் சர்க்கரை அளவிலிருந்து சித்தூரில் தெருநாய் குட்டி போட்டதுவரை சொல்லிவிட்டபடியால், அந்த முறையைத் தாண்டி நேரே விஷயத்துக்கு வருகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தாங்கள் நினைக்கக்கூடும். எங்காத்துப் போனில் ஸ்பீக்கரில் போட்டால்தான் குரல் கேட்கிறது. அதில் ரகசியம் பேச முடியாது. இது ரகசியம்.

விஷயம் இதுதான். ஹேர் டிரையர் என்று தலை காயவைக்கும் மிஷின் இருக்கிறதே, அதில் மலிவானது வாங்குவது உத்தமமா, விலை உயர்ந்தது வாங்குவது உத்தமமா? நாற்பது வருஷம் மின்சார இலாகாவில் இருந்த தங்களைவிட இதைச் சொல்லத் தகுந்தவர் யார்? பெண்வழியில் யாருக்கோ கல்யாணப் பரிசு என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். தங்களிடம் பொய் எழுத வரவில்லை. எனக்குத்தான் வேண்டும்.

தாங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்கவும். என் குடுமி தங்களுக்குத் தெரியாததல்ல. அவிழ்த்தால் இடுப்பைத் தொடும். ஐம்பத்தெட்டு வயதில் பல் இரண்டு போய்விட்டது, முழங்காலுக்குத் தைலம் வந்துவிட்டது, முடி மட்டும் வீட்டில் நடப்பது ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கிறது. எங்கள் தெருக்கோடி கிருஷ்ணன் சந்நிதியில் மார்கழி முப்பது நாளும் விடியலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டிக்கு முதலடி எடுத்துக் கொடுப்பது பதினெட்டு வருஷமாக அடியேன்தான். நான் எடுத்தால் மற்றவர்கள் தொடருவார்கள். உத்தியோகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்ற எனக்கு உலகத்தில் வேறு எதிலும் முதலடி வாய்த்ததில்லை. அந்த முதலடிக்காக நான்கு மணிக்குத் தலைக்குத் தீர்த்தமாடி, துவட்டி, முடிந்துகொண்டு கிளம்பினால், மேலே காய்ந்ததுபோல் இருக்கும் குடுமி உள்ளே மத்தியானம்வரை ஈரம். ஈரக்குடுமி என்பது பிடரியில் தவளையைக் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி. இந்த மார்கழி இரண்டாம் நாள் சந்நிதியில் வாயைத் திறக்கிறேன், பாசுரம் வரவில்லை, எண்ணெய் போடாத கதவு திறக்கிற சத்தம் வந்தது. இரண்டாம் தடவை முயன்றேன். கதவு மூடுகிற சத்தம் வந்தது. பக்கத்தில் நின்ற கேசவன், பேங்கில் வேலை, பேர்தான் கேசவன், தலையில் கேசம் அரை அங்குலம்கூடத் தேறாது, துண்டால் இரண்டு தட்டு தட்டினால் காய்ந்துவிடும், அவன் மிகுந்த மரியாதையோடு என்னைப் பார்த்து, "அடியேன் எடுக்கட்டுமா மாமா?" என்றான். எடுத்தான். நன்றாகவே எடுத்தான். அதுதான், அத்திம்பேர், எனக்குத் தாங்கவில்லை.

திருப்பதியில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவரிடம் போனோம். தெலுங்குக்காரர். என் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தவர், பிறகு அதைவிட அதிக நேரம் குடுமியைப் பார்த்தார். "ரெண்டே தாரி சுவாமி. ஜுட்டு கத்தரிச்சிடணும், இல்லேன்னா நல்லா ஆரவெச்சிட்டு வெளிய போவணும்" என்றார். ஆட்டோவில் திரும்பும்போது கமலவல்லி, "முதல் வழிதான் சுலபம். ஒரு முழம் வெட்டிண்டா என்ன? பெருமாள் அளந்தா பாக்கப்போறார்?" என்றாள். அன்று மத்தியானம் முழுவதும் குடுமியை மடியில் போட்டுக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தேன், யாரோ ஊருக்குப் போகிறவர்களை வழியனுப்புவதுபோல.

இரண்டாம் வழிக்காக மறுநாள் ஷேர் ஆட்டோ பிடித்துத் திருப்பதிக்குப் போய், மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி விற்கிற ஒரு கடையில் ஏறினேன். கடைக்காரர் பெயர் சிரஞ்சீவி. "இன்னா சார் வேணும்? பாப்பாவுக்கா?" என்றார். "மருமாளுக்கு" என்றேன். இரண்டு மிஷின்களை எடுத்து வைத்தார். ஒன்று சிவப்பு, அறுநூறு ரூபாய், பொம்மைத் துப்பாக்கி மாதிரி. மற்றது சாம்பல் நிறம், ஆறாயிரம், வெல்வெட் மெத்தைமேல் நகைபோலப் படுத்திருந்தது. "ரெண்டும் காத்துதானே ஊதறது, இதுக்கு ஏன் பத்து மடங்கு?" என்று கேட்டேன். "சொன்னா புரியாது சார், தலைய குடு" என்று சொல்லி, நான் வேண்டாம் என்பதற்குள் குடுமியை அவிழ்த்து அந்தச் சாம்பல் மிஷினைத் தட்டிவிட்டார்.

அத்திம்பேர், அதை எப்படி எழுதுவேன். சத்தமே இல்லை. யாரோ பின்னால் வந்து நின்று மெல்ல மூச்சு விடுகிற மாதிரி ஒரு வெதுவெதுப்பு, முதலில் பிடரியில், பிறகு காது மடலில், பிறகு எங்கே என்று சொல்லத் தெரியாமல் எல்லா இடத்திலும். கண் தானாக மூடிக்கொண்டது. கடை இல்லை, வெளியே ஹாரன் இல்லை. பங்காருபாளையத்து மாந்தோப்பு ஒன்றில் சித்திரை மாசத்து மத்தியானம், இலைகளுக்கு நடுவில் வெயில் சில்லறையாக விழுகிறது, நான் தரையில் கால் படாமல் போகிறேன், முடி எனக்குப் பின்னால் தன் இஷ்டத்துக்கு மிதந்து வருகிறது, வாயைத் திறக்கிறேன், முதலடி வருகிறது, குழைத்த சந்தனம் மாதிரி வருகிறது, மரத்துக்கு மரம் அதைத் தொடர்ந்து சேவிக்கிறது. இரண்டாம் அடியில் இருக்கும்போது காற்று நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தால் கடை வாசலில் யாத்திரைக்காரர்கள் ஏழெட்டுப் பேர். ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் வாய்விட்டே பாடியிருக்கிறேன் போலிருக்கிறது.

வெட்கத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் சிவப்பு மிஷினுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

கமலவல்லியிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். பாசுரம் சேவிக்கிறவன் சினிமாக்காரி மாதிரி மிஷின் பிடித்துத் தலை ஆற்றினான் என்று அவள் வாயால் ஒரு தடவை கேட்டுவிட்டால் பிறகு எனக்கு எந்த அடியும் வராது. ஆகையால் மளிகைச் சாமான் வைக்கிற உள்ளறையில் ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் இருக்கிற சின்ன பாயிண்டில் மாட்டி, கதவைச் சாத்திக்கொண்டு, போட்டேன். அந்தச் சத்தம்! கடையில் அதைப் போட்டுப் பார்க்காமல் வந்தது என் தப்பு. கமலவல்லி எங்கேயோ இருந்து, "மோட்டார் ஓடறது! யார் மோட்டாரப் போட்டா?" என்று கத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். எங்காத்து ஆழ்குழாய்க்குப் போன வருஷம் பூமிக்கடியில் இறக்குகிற மோட்டார் போட்டோம், அது ஓடினால் வெளியே சத்தமே வராது. அதன் ஸ்விட்சில் மேல் எது கீழ் எது என்ற அடையாளமும் அழிந்துவிட்டது. ஓடாத மோட்டாரை நிறுத்துவதாக நினைத்து அவள் ஸ்விட்சைத் தட்ட, மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது. காலடிச் சத்தம் கேட்டு நான் மிஷினை நிறுத்த, சத்தம் நின்றதே என்று அவள் காபி போடப் போய்விட்டாள். அரை மணியில் மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, மாடி அறையில் குடியிருக்கிற மஞ்சு கொடியில் போட்டிருந்த துணியெல்லாம் நனைந்தது. மறுநாளும் இதேதான். மூன்றாம் நாளும். நான் ஒரு தலையைக் காயவைக்க ஒரு குடும்பத்துத் துணி நனைந்தது.

நான்காம் நாள் மஞ்சு ஈரப் புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு நியாயம் கேட்க இறங்கி வந்தாள். கமலவல்லி பால் வாங்கப் போயிருந்தாள். உள்ளே நான் இருந்த நிலையைக் கேளுங்கள். மலிவு மிஷினுக்குப் பின்பக்கம் காற்றை உறிஞ்சுகிற ஓட்டை இருக்கிறது, அதற்கு வலையும் ஒழுங்காக இல்லை. முன்பக்கம் ஊதிக்கொண்டே பின்பக்கம் என் குடுமியின் நுனியை உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது. சர்ரென்று சுற்றி மிஷின் என் காதருகே வந்து ஒட்டிக்கொண்டது. ஸ்விட்சை அணைத்துவிட்டேன், ஆனால் விடுபட வழியில்லை. ஒயரோ குட்டை, பிளக்கோ இறுகிவிட்டது, ஒரு கையால் பிடுங்க வரவில்லை. ஆவக்காய் ஜாடியோடு முகத்துக்கு முகம் நின்றுகொண்டிருந்தேன், கருகிய வாசனையோடு. கதவைத் திறந்த மஞ்சு புடவையைக் கீழே போட்டுவிட்டாள்.

"அய்யோ சாமி! கதலகண்டி, ஆடாம நில்லுங்க!"

அவள் பியூட்டி பார்லரில் வேலை செய்கிறவள். மாடிக்கு ஓடித் தன் வேலைக் கூடையைக் கொண்டுவந்து, அதிலிருந்து முதலில் கத்தரிக்கோலை எடுத்தாள். நான் போட்ட சத்தத்தில் அதைத் திரும்ப வைத்துவிட்டாள். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பெண்பிள்ளையிடம் கை கூப்பி, "அம்மா, வெட்டாதே. வேறென்ன வேணாலும் பண்ணு. இதுதான் எனக்கு இருக்கறது" என்றேன். சொன்ன பிறகுதான் அது நிஜம் என்று எனக்கே தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை. தையல் மிஷினுக்கு வைத்திருக்கிற திருப்புளியைக் கொண்டுவந்து, மிஷினைப் பிரித்து, ஒவ்வொரு இழையாக, பூ ஆய்கிற மாதிரி எடுத்துக் கொடுத்தாள். நாற்பது நிமிஷம். ஒரு பிடி முடிதான் நஷ்டம்.

"சவக மிஷினு, மலிவா வாங்கினது, தலைய துன்னும் சாமி. காசு போட்டு வாங்கினது காத்து மட்டும் ஊதும். அதுல பின்னால வலை இருக்கும், சூடு ஏறினா தானா கொறைஞ்சிடும். தினம் வெச்சிக்கறதுக்கு அதான் வாங்கணும்" என்று சொல்லிவிட்டு, "அம்மாகிட்ட நா சொல்லமாட்டேன்" என்று ஈரப் புடவையை எடுத்துக்கொண்டு போனாள்.

சரி, ஆறாயிரமே வாங்கிவிடலாம் என்று மறுபடி கடைக்குப் போனேன். அங்கேதான் ஒரு சிக்கல். அந்தச் சாம்பல் மிஷினின் பிளக் தடிமன். ஃபிரிட்ஜ், கிரைண்டர் மாட்டுகிற பெரிய பாயிண்டில்தான் ஏறும். எங்காத்தில் அந்தப் பாயிண்ட் சமையல் நடக்கிற தளிகை உள்ளில் மட்டும்தான், கமலவல்லி நிற்கிற இடத்திலிருந்து இரண்டடி. ஆக மலிவானது என்றால் மறைவாக இருந்து குடுமியைப் பறிகொடுக்கலாம், உயர்ந்தது என்றால் குடுமியைக் காப்பாற்றி மானத்தைக் கொடுக்கலாம். இந்தத் தராசு எந்தப் பக்கமும் சாயாததால், முடிவு செய்கிறவரை என்று நாலு நாளாகப் பத்து மணிக்குக் கடைக்குப் போய்ச் சாம்பல் மிஷினை மறுபடி 'பார்த்துவிட்டு' வருகிறேன். சிரஞ்சீவி நாற்காலிகூடப் போட்டுவிட்டார். மாந்தோப்பு தினமும் வருகிறது. நேற்று தோப்பில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஆனால் கோஷ்டி ஐந்து மணிக்கு, கடை திறப்பது பத்து மணிக்கு. காய்ந்த குடுமியோடு கனவில் சேவிக்கிறேன், ஈரக்குடுமியோடு சந்நிதியில் இருமுகிறேன். நேற்று சிரஞ்சீவியும், "சார், டெய்லி வந்து தலைய ஆத்திக்கினு போறியே, பில்லு எப்போ போடறது?" என்று கேட்டுவிட்டார்.

இன்னும் ஆறு நாளில் வைகுண்ட ஏகாதசி. அன்றைக்கு முதலடி கேசவனுக்குப் போனால் அது இனி அவனோடேயே இருந்துவிடும். அவன் தப்பில்லை. நல்ல பையன். என்மேல் கோபமாகக்கூட ஒரு வார்த்தை சொல்வதில்லை, சொன்னால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். ஆகவே தாங்கள் தயவுசெய்து யோசித்து, அந்தத் தடிமன் பிளக்கை மாற்றிச் சின்ன பாயிண்டில் மாட்டினால் வீடு பற்றிக்கொள்ளுமா, கொள்ளாதா என்பதையும் சேர்த்து, மஞ்சு பெயருக்கு எங்கள் விலாசத்தில் பதில் எழுதவும். அக்காவிடம் மூச்சு விட வேண்டாம். அவள் கமலவல்லியிடம் எதையும் மறைத்ததில்லை.

தாங்களும் அக்காவும் அலர்மேல்மங்கைத் தாயார் கடாக்ஷத்தால் நோய்நொடியில்லாமல், மின்வெட்டில்லாமல் நூறாண்டு இருக்கப் பிரார்த்திக்கும்,

அடியேன்,
தோதாத்ரி.

பின்குறிப்பு. இது கமலவல்லி எழுதுவது, அத்திம்பேர். நமஸ்காரம். இந்தக் கடிதம் ஒட்டாமல் பஞ்சாங்கத்துக்குள் இருந்தது, படித்துவிட்டேன். பதில் எழுதச் சிரமப்பட வேண்டாம். அந்தச் சாம்பல் நிற மிஷின் எங்காத்தில் இரண்டு வருஷமாக இருக்கிறது. தீபாவளிக்கு அக்கா வாங்கி அனுப்பினாள். ஆசாரக் குறைச்சல் என்பாரோ என்று பயந்து பட்டுப்புடவைப் பெட்டியில் வைத்திருக்கிறேன், இவர் சந்நிதிக்குப் போனதும் தளிகை உள்ளில் தினமும் தலை ஆற்றிக்கொள்கிறேன். சாமான் உள்ளில் சத்தம் கேட்ட அன்று, என்னுடையதற்கு அந்தச் சத்தம் கிடையாது என்றுகூடத் தோன்றாமல், அதைக் கண்டுபிடித்துவிட்டார் என்று பதறி, மோட்டார் என்று வாயில் வந்ததைக் கத்தினேன். அடுத்த நாட்களும் அதையே சொல்லிச் சமாளித்தேன். அக்காவும் தனக்கு ஒன்று வைத்திருக்கிறாள். எங்கே என்று அவளைக் கேட்காதீர்கள், பாவம்.

இன்று விடியலில் பெட்டியைத் திறந்து எடுத்து இவர் முன்னால் வைத்தேன். "ஏன்னா, திரும்பி உக்காருங்கோ" என்று சொல்லி நானே ஆற்றிவிட்டேன். எட்டு நிமிஷத்தில் வேர்வரை காய்ந்துவிட்டது. ஆனால் உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போய்விட்டார். சந்நிதி மணி அடித்தது. கேசவன் முதலடி எடுத்தது இங்கேவரை கேட்டது. எழுப்பத்தான் கிட்டே போனேன். தூக்கத்தில் உதடு அசைந்துகொண்டிருந்தது, முகமெல்லாம் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு மனசு வரவில்லை.