நவபல்லிக்கு வரலாறு வந்த வழி

வாசலில் கடப்பாரை "ணங்" என்றது.

மாடி வராந்தாவில் காபி குடித்துக்கொண்டிருந்த பட்டாபிராமன் எட்டிப் பார்த்தார். சாக்கடையைத் தோண்டிக்கொண்டிருந்த கார்ப்பரேஷன் ஆட்கள் நால்வர், கறுப்பாக, கனமாக, நடுவில் குழியோடு எதையோ கயிறு கட்டி மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

காபி மூக்கில் ஏறியது.

அது அவர் வீட்டு ஆட்டுக்கல்.

இருபத்தேழு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. பட்டாபிராமன் வேலை பார்த்த கப்பல் சரக்கு ஆபீஸில் வங்காளிகளுக்கு நடுவே தமிழர்கள் மூன்று பேர். மூவரும் சேர்ந்து, பேரம் பேசி, கோயம்புத்தூரிலிருந்து மூன்று கிரைண்டர்களை ரயிலில் வரவழைத்தார்கள். கிரைண்டர் வந்த பிறகு கல்லை என்ன செய்வது? தூக்கிப் போக ரிக்‌ஷாக்காரன் கேட்ட கூலியில் இன்னொரு கல்லே வாங்கலாம். ஒரு நாள் மத்தியானம், தெருவே சாப்பிட்டுப் படுத்திருந்த நேரத்தில், பட்டாபிராமன் கல்லை உருட்டிக்கொண்டு வந்தார். சாக்கடை மூடி திறந்து கிடந்தது. வேலை ஒரு நிமிஷத்தில் முடிந்தது. குழவியை மட்டும் மாடிக் கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்துக்கொண்டார். மனைவி விஜயலக்ஷ்மியிடம், "தமிழ்ச் சங்கத்துக்கு தானம் பண்ணிட்டேன்" என்றார்.

அந்த வருஷ மழையில்தான் தெருவில் முதன்முதலாக முழங்கால் தண்ணீர் நின்றது. பிறகு எல்லா வருஷமும் நின்றது.

குற்ற உணர்ச்சி சிலரைக் கோயிலுக்கு அனுப்பும். பட்டாபிராமனை அது மனு எழுத வைத்தது. கார்ப்பரேஷனுக்கு இதுவரை நாற்பத்தொரு மனு. 'அலட்சியம்', 'அநியாயம்', 'அடைப்புக்கு யார் பொறுப்பு?' என்றெல்லாம் எழுதி எழுதி, தெருவின் குடிமை கமிட்டிக்கே தலைவராகிவிட்டார். ஜாதவ்பூரைத் தாண்டித் தெற்கே, கோரையும் குட்டையுமாகக் கிடந்த இடத்தில் முளைத்த நவபல்லிக்கு இந்த வருஷம் ஐம்பது வயது. விழா மலர் வருகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் தேங்குவதை எதிர்த்து ஓயாமல் போராடியதற்காக அவருக்கு மேடையில் சால்வை.

இந்த நேரம் பார்த்துத்தான் கல் கரையேறியது.

பட்டாபிராமன் நாலு நாலு படியாக இறங்கினார். அதற்குள் கிளப் செக்ரட்டரி அசீம் பாபு கல்லைச் சுற்றி இரண்டு வலம் வந்திருந்தார்.

"பட்டாபிதா! இது என்ன?" வங்காளத்தில் அண்ணனுக்கு 'தாதா'; பெயரோடு ஒட்டினால் 'தா'.

பத்துத் தெருவிலும் அம்மி மாதிரி தட்டைக் கல்லில் மசாலா அரைக்கிற ஊர் அது. ஆட்டுக்கல்லை யார் கண்டார்கள்?

"என்னவோ உடைந்த தூண். குப்பை லாரியில் ஏற்றிவிடுங்கள்" என்றார் பட்டாபிராமன், நல்ல வங்காளத்தில்.

"தூணா? எழுத்து வெட்டியிருக்கிறதே! அரே, இது உங்கள் எழுத்து அல்லவா?"

விஜயலக்ஷ்மியின் அப்பா கல்யாணச் சீருக்குக் கல் வாங்கியபோது, பெண்ணின் பெயரைக் கல்தச்சனிடம் சொல்லி வெட்டி அனுப்பியிருந்தார். மனிதர் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். சேறு மூடியும் பாதி தெரிந்தது.

"எங்கள் எழுத்து மாதிரி இருக்கிறது. ஆனால் படிக்க முடியவில்லை. ரொம்பப் பழசு."

ரொம்பப் பழசு என்று சொன்னதுதான் தப்பு.

"பழசா!" அசீம் பாபு அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "போன வருஷம் பாலிகஞ்சில் ஒன்று கிடைத்ததே, பேப்பரில் வந்ததே! அப்புறம் காளிகாட்டில். சோழர் படை விட்டுப்போன கல் என்று போட்டிருந்தான். இப்போது நம் தெருவில்! மலரில் போட வரலாறே இல்லை, தொள்ளாயிரத்து எழுபத்தைந்துக்கு முன்னால் தவளைதான் இருந்தது என்று அழுதுகொண்டிருந்தேன். பட்டாபிதா, இது சோழர் கல்தானே?"

பேப்பரில் அந்தச் செய்தியைப் பட்டாபிராமனும் பார்த்திருந்தார். படத்தில் மாலை போட்ட கவுன்சிலர்கள்தான் தெரிந்தார்கள். அவர்கள் இடுக்கில் கறுப்பாகக் கொஞ்சம் கல். தமிழன் என்ற முறையில் அன்றைக்குப் பெருமைகூடப் பட்டிருந்தார்.

சோழனா, தானா என்று யோசித்தார். சோழன் மறுத்துப் பேச வரமாட்டான்.

"இருக்கலாம்" என்றார்.

அரை மணியில் கல்லைச் சுற்றிக் கயிறு கட்டியாயிற்று. நிபுணர் வந்து பார்க்கும் வரை யாரும் கடப்பாரை போடக்கூடாது என்று கவுன்சிலர் போனில் உத்தரவிட்டார். தோண்டிய சாக்கடை பட்டாபிராமன் வீட்டு வாசலில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மறுநாள் காலை மழை பிடித்தது. வழக்கமாகத் தெருவோடு நிற்கும் தண்ணீர், இந்த முறை படியேறி வந்து அவருடைய செருப்புகளை ஒவ்வொன்றாக வெளியே அழைத்துப் போனது.

வேலை நடக்க வேண்டுமானால் கல் போக வேண்டும். கல் போக வேண்டுமானால் தானே உருட்டினால்தான் உண்டு என்று முடிவு செய்தார். பழைய அனுபவம் இருந்ததால் மத்தியான நேரத்தையே தேர்ந்தெடுத்தார். கயிற்றைத் தாண்டி, வேட்டியை மடித்துக் கட்டி, கல்லை இரண்டு கையாலும் அணைத்து, கன்னத்தை அதன்மேல் பதித்துத் தம் பிடித்தார்.

கல் அசையவில்லை. ஐம்பது வயதில் உருட்டிய கை வேறு.

"ஆஹா!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. தெருவே மாஷிமா என்று கூப்பிடும் எதிர்வீட்டு மாமியும், அவளோடு நாலு பெண்களும். "பார்த்தாயா, தாதா எப்படி உருகுகிறார்! சும்மா கல் என்று நினைத்தோமே, இது தேவதை!"

சாயங்காலத்துக்குள் கல்லுக்குக் குங்குமம், செம்பருத்தி மாலை, ஊதுவத்தி, ஒரு தட்டு சந்தேஷ் மிட்டாய். அதன் குழியில் யாரோ பால் வேறு ஊற்றியிருந்தார்கள்.

ஜாதவ்பூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த விஜயலக்ஷ்மி ஆட்டோவிலிருந்து இறங்கினாள். கூட்டத்தை விலக்கிப் பார்த்தாள். கணவரை ஓரமாக இழுத்தாள்.

"ஏன்னா, நம்ம ஆட்டுக்கல்லுக்கு எதுக்கு மாலை போட்டிருக்கா?"

"உஸ்! மெதுவா!"

"சங்கத்துக்குக் குடுத்தேன்னேளே! பொங்கலுக்குப் பொங்கல் அங்கே இட்லியை வாயில போட்டுண்டு, 'எங்காத்துக் கல்லுல அரைச்சது, ருசியே தனி'ன்னு எல்லார்கிட்டயும் பீத்திண்டேனே! தினம் தாண்டிப் போற சாக்கடையிலயா போட்டேள்?"

"விஜயம், மானம் போயிடும்."

"போகாம இருக்கணுமா?"

பட்டாபிராமன் அந்தக் குரலை அறிவார். கரியாஹாட் நடைபாதையில் புடவைக் கடைக்காரர்களை அழ வைத்த குரல்.

"என்ன வேணும், சொல்லு."

"இனிமே கிரைண்டர் அலம்பறது நீங்க."

"வாரத்துக்கு ஒரு தடவை."

"அசீம் பாபு! இங்கே கொஞ்சம் வாங்க—"

"சரி, சரி! அரைக்கிற அன்னிக்கெல்லாம் அலம்பறேன்."

"தேங்காயும் துருவணும்."

"அது பேச்சுலயே இல்லையே!"

"இப்போ வந்துடுத்து."

அசீம் பாபு பக்கத்தில் வந்து நின்றார். "என்ன பௌதி, கூப்பிட்டீர்களே?" என்றார், அண்ணியிடம் பேசும் மரியாதையோடு.

விஜயலக்ஷ்மி கணவரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடித் தலையாட்டினார்.

"ஒன்றுமில்லை. அந்தக் குங்குமத்தைக் கொஞ்சம் இடப்பக்கமாக வைக்கச் சொல்லுங்கள். பெயர் மறைகிறது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கல்லுக்குப் பக்கத்திலேயே மேடை. கவுன்சிலர், மைக், மடித்து வைத்த சால்வை. பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சி நிபுணர் ஒருவர் வருவதாகச் சொன்னார்கள். வெள்ளைத் தாடிக் கிழவர் யாராவது வருவார், கண் சரியாகத் தெரியாதவராக இருக்கவேண்டும் என்று பட்டாபிராமன் காலையிலிருந்து பிள்ளையாரிடம் மனு போட்டுக்கொண்டிருந்தார்.

வந்தது ஜீன்ஸும் பருத்திக் குர்தாவும் போட்ட முப்பது வயதுப் பெண்.

"டாக்டர் ஹம்சினி" என்று அறிமுகப்படுத்தினார் அசீம் பாபு. "தமிழ்ப் பெண், பட்டாபிதா! எழுத்தைக் கடகடவென்று படித்துவிடுவாள்!"

பட்டாபிராமனின் மனக்கண்ணில் சால்வை சிறகு முளைத்துப் பறந்தது. நாற்பத்தொரு மனுவும் வரிசையாக நின்று, 'அடைப்புக்கு யார் பொறுப்பு?' என்று ஒரே குரலில் கேட்டன.

ஹம்சினி கல்லருகே குந்தினாள். செம்பருத்தியை ஒதுக்கினாள். குழியில் விரலை விட்டுச் சுற்றினாள். பெயரை நனைந்த துணியால் துடைத்து முழுதாகப் படித்தாள். பிறகு நிமிர்ந்து, முதல் வரிசையில் வியர்த்துக்கொண்டிருந்த பட்டாபிராமனையும், பக்கத்தில் விசிறிக்கொண்டிருந்த விஜயலக்ஷ்மியையும் ஒரு பார்வை பார்த்தாள். மைக்கை வாங்கினாள்.

"இந்தக் கல் தெற்கேயிருந்து வந்தது" என்றாள் வங்காளத்தில். "கொண்டுவந்தவர்கள் தமிழர்கள். செதுக்கியவன் கைதேர்ந்த தச்சன். கௌரவமான குடும்பத்துப் பெண் ஒருத்தியின் பெயர் இதில் வெட்டியிருக்கிறது. அவள் கையால் எத்தனையோ பேர் பசியாறியிருக்கிறார்கள்."

"ராணி! அன்னதானம் செய்த ராணி!" என்று கூட்டத்தில் யாரோ கத்த, மாஷிமா கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். விஜயலக்ஷ்மி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கல்லைக் கிளப் நூலகத்தில் வையுங்கள். பூமிக்கு அடியில் வேறு எதுவும் இல்லை. சாக்கடையை இன்றே முடித்துவிடலாம்."

கைத்தட்டல் ஓய நேரமாயிற்று. பட்டாபிராமன் அவள் பேச்சை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு பொய்கூட இல்லை.

சால்வை தோளில் ஏறியது. கடப்பாரைகள் மறுபடி "ணங்" என்றன. அடைபட்டிருந்த தண்ணீர் கடகடவென்று ஓடுகிற சத்தம், இருபத்தேழு வருஷத்துக்குப் பிறகு, அவர் காதில் நாதஸ்வரமாக விழுந்தது. மேடையை விட்டு இறங்கியவர் ஹம்சினியைத் தனியாகப் பிடித்தார்.

"அம்மா, நீ நன்னா இருக்கணும். வந்து... அந்தக் கல்லைப் பத்தி..."

"குழவி எங்கே மாமா?" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி.

அவர் மாடியை நிமிர்ந்து பார்த்தார். "மாடிக் கதவுக்கு... முட்டுக் குடுத்திருக்கேன்."

"எங்காத்துலயும் அதேதான்" என்றாள் ஹம்சினி. "பாலிகஞ்ச் கல்லு எங்கப்பா சந்தானம் போட்டது, காளிகாட் கல்லு உங்க ஆபீஸ் சுந்தரம் மாமா போட்டது; ரயில்ல வந்தது மூணு கிரைண்டராச்சேன்னு, ஒரு வருஷமா உங்க கல்லைத்தான் மாமா தேடிண்டிருக்கேன்!"