காலி சைக்கிள் ஓட்டத் தெரியாத பண்டல் அண்ணன்

உலகத்திலேயே காலி சைக்கிள் ஓட்டத் தெரியாத ஒரே சைக்கிள்காரர் எங்கள் பண்டல் அண்ணன்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், திருப்பூரில் நான் கிளார்க்காக இருந்த பனியன் கம்பெனியில், வெட்டிய துணியைத் தைக்கும் இடத்துக்குக் கேரியரில் கட்டிக்கொண்டு போவது அவர் வேலை. அவருடைய சொந்தப் பெயர் அவர் அம்மாவுக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். ஆள் உயரத்துக்குப் பண்டல் இருந்தால் தேர் மாதிரி நிதானமாகப் போவார். பண்டலை இறக்கிவிட்டால் வண்டி இடமும் வலமும் அலைந்து ஏதாவது டீக்கடைக்குள் புகுந்துவிடும். அதனால் திரும்பி வரும்போதும் வேஸ்ட் துணியை மூட்டை கட்டி ஏற்றிக்கொண்டுதான் வருவார்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு பெருமை. அவர் கட்டிய பண்டல் ஒன்றுகூட மண்ணைத் தொட்டதில்லை. "என்னிக்காவுது ஒண்ணு கீழ உழுந்துச்சுன்னா, அன்னிக்கே சைக்கிளை வித்துப்போட்டு சொந்த ஊரு பொங்கலூருக்கே போயிருவனுங்க" என்பார். சொன்னால் செய்கிற ஆள். வெற்றிலையை விட்டுவிட்டேன் என்று ஒருநாள் சொன்னவர், அதற்குப் பிறகு சுண்ணாம்பு டப்பாவைக்கூடத் தொடவில்லை.

அந்த வருஷம் பனியன் ஆர்டர் கொடுக்க வந்த வெள்ளைக்கார பையருக்கு சைக்கிள் பைத்தியம். தன் சைக்கிளைப் பாகம் பாகமாகப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கொடைக்கானலுக்கும் மேலே, பூண்டு மூட்டையைக் குதிரையில் இறக்கும் ஒற்றையடித் தடத்தில் அடிவாரம் வரை ஓட்டி இறங்க வேண்டும், துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார். முதலாளி யோசிக்காமல் பண்டல் அண்ணனைக் கைகாட்டினார். இங்கிலீஷ் பேச என்னையும் வேனில் ஏற்றினார்கள். அண்ணன் தூக்கிவந்த வேஸ்ட் மூட்டையை மட்டும் முதலாளி ஏற்ற விடவில்லை.

"மலைக்குப் போறதுக்கு மூட்டை எதுக்கப்பா?"

"அது இல்லாட்டி வண்டி நிக்காதுங்க மொதலாளி" என்றார் அண்ணன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மேலே குளிரில் பல் தந்தியடித்தது. பையர் ஹெல்மெட், கையுறை, முட்டிக்குக் கவசம் என்று சண்டைக்குப் போகிறவர் போல நின்றார். அண்ணன் ரிஜெக்ட் ஆன டீ-சர்ட் நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தார்.

"உங்க சைக்கிள்ல எத்தனை கியர்னு கேக்கறாருங்ணா" என்றேன்.

"ரெண்டுன்னு சொல்லுங்க தம்பி. உக்காந்து மிதிக்கறது ஒண்ணு, எந்திரிச்சு மிதிக்கறது ஒண்ணு."

காலி வண்டியில் ஏறிய அண்ணன் நேராகப் பூண்டுத் தோட்டத்தில் போய்ப் படுத்தார். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, நீங்க என்ன வெயிட் இருப்பீங்க?"

"எதுக்குங்ணா?"

"சும்மாதானுங்க. கேரியர்ல ஏறுங்க."

பண்டல் என்றால் குறுக்காகப் படுக்கவைத்துத்தான் கட்டுவேன் என்று அடம்பிடித்தார். கெஞ்சிக் கூத்தாடி உட்கார அனுமதி வாங்கினேன். கயிற்றை என் இடுப்பைச் சுற்றிக் கேரியரோடு இறுக்கிவிட்டு ஏறி மிதித்தார். வண்டி துளிகூட ஆடவில்லை.

ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மேகம். மேகத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாததுதான் ஒரே ஆறுதல். குளம்பு பட்டுத் தேய்ந்த கற்களில் வண்டி குதித்துக் குதித்து இறங்கியது. பிரேக் கட்டை தேய்ந்துபோய்விட்டதால், அண்ணன் ரப்பர் செருப்பை முன் டயரில் வைத்து அழுத்தினார். நான் என் குலதெய்வம் போதாதென்று பக்கத்து வீட்டுக்காரர் குலதெய்வத்தையும் கூப்பிட்டேன்.

"தம்பி, பண்டல் பேசப்படாதுங்க. பேசுனா வெயிட் மாறுது."

பையர் பாதித் தடத்திலேயே தன் விலை உயர்ந்த சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அடிவாரம் கண்ணுக்குத் தெரிந்த கடைசி வளைவில், மேலே ஏறிக்கொண்டிருந்த குதிரை ஒன்று எதிரே வந்தது. அண்ணன் ஹேண்டில்பாரை ஒடித்துத் திருப்பினார். முன் சக்கரம் கல்லில் ஏற, வண்டி சாய்ந்தது. சாய்கிறபோதே மனிதர் சீட்டிலிருந்து திரும்பி, சாய்ந்த பக்கம் தான் முதலில் விழுந்து, கேரியரோடு கட்டுண்டிருந்த என்னை மார்மேல் வாங்கிக்கொண்டார். நெற்றியில் வழிந்த ரத்தத்தை அவர் துடைக்கக்கூட இல்லை. முகம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது.

"தம்பி, நெசத்தைச் சொல்லுங்க. மண்ணு பட்டுச்சுங்களா?"

என் வலது முழங்கை முழுக்கச் செம்மண். தோல் வழன்று எரிந்தது. சொன்னால் அன்றைக்கே சைக்கிளை விற்றுவிடுவார். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"இல்லீங்ணா. உங்க மேலதானுங்க உழுந்தேன்."

"அதானுங்களே" என்று மூச்சு விட்டவர், அப்புறம்தான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நடந்து வந்து சேர்ந்த பையர் கைகுலுக்க வந்தபோது, நான் இடது கையைக் கொடுத்தேன். காயம் ஆறும்வரை முழுக்கைச் சட்டையில் வேலைக்குப் போனேன். தினமும் காலையில் அண்ணன் பண்டலை இறுக்கிக்கொண்டே "சாப்டீங்களா தம்பி?" என்று கேட்பார். அதைக் கேட்காமல் அந்தக் கம்பெனிக்குள் நுழைய எனக்கு மனசு வராது.