மழையில் விளைந்த தோட்டம்

கத்தரிச் செடிகள் நிற்கின்றனவா மிதக்கின்றனவா என்று பார்ப்பதற்காக, ஒரு கையில் குடையும் மறு கையில் குச்சியுமாக வெங்கடம்மா வரப்பின் மேல் குந்தியிருந்தபோது, இடுப்பில் செருகியிருந்த செல்போன் அடித்தது. பெங்களூரிலிருந்து மகன் சுதீர்.

"அங்க மழையாம்மா? டிவில சித்தூர் ஜில்லான்னு காட்டறான்."

"இங்கயா? தூறல் நைனா. மண்ணு கொஞ்சம் குளுந்துக்கினு கீது, அவ்ளோதான்."

குடையின் மேல் மழை கொட்டுகிற சத்தம் பெங்களூர் வரை போய்விடக் கூடாதே என்று போனை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டுதான் இதைச் சொன்னாள். தோட்டம் எப்படி இருக்கிறது என்று அவன் கேட்டான். சுகமாக இருக்கிறது என்றாள். அந்த நேரத்தில் ஒரு தக்காளிச் செடி சுகமாக அவள் காலைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

வெங்கடம்மா பொய் சொல்லிப் பழகியவள் அல்ல. பழக வைத்தது சம்பந்தியம்மாள்.

பாலசமுத்திரத்தில் பாதிப் பிள்ளைகள் சென்னைக்கும் மீதிப் பிள்ளைகள் பெங்களூருக்கும் கிளம்பிப் போன காலத்தில், சுதீரும் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போனான். தகப்பனார் காலமானதும், அதுவரை தூங்கிக்கொண்டிருந்த தாய்ப்பாசம் அவனுக்குத் திடீரென்று விழித்துக்கொண்டது. தனியாக இருக்கக் கூடாது என்று அம்மாவைத் தன் ஃபிளாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே படுக்கை அறைகள் இரண்டு. ஒன்று அவனுக்கும் மனைவி சுமித்ராவுக்கும். இன்னொன்றில் சுமித்ராவின் தாயார் சுந்தரம்மா ஏற்கெனவே குடியிருந்தாள்.

சுந்தரம்மாவைக் கெட்டவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவள் சொல்ல விட்டால்தானே. அரிசி களைந்தால் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "எங்க திருப்பதில இப்பிடிக் களைய மாட்டோம்" என்பாள். இருமினால், அடுத்த இருமல் வருவதற்குள் திருப்பதியில் இருமலுக்கு என்ன செய்வார்கள் என்பதை முழுக்கச் சொல்லி முடிப்பாள். விளக்கை அணைத்த பிறகும் இருட்டில் திருப்பதி ஓடிக்கொண்டே இருக்கும். வெங்கடம்மா ஒரு மாதம் தாக்குப்பிடித்தாள். பிறகு, ஊரில் நிலம் சும்மா கிடக்கிறது, பயிர் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

சுதீர் விடவில்லை. அந்த நிலத்தில் வேலிக்காத்தான் தவிர எதுவும் முளைத்ததை அவன் பார்த்ததில்லை. கடைசியில் போனிலேயே ஒரு தீர்ப்புச் சொன்னான். "உகாதிக்குள்ள அதுல நாலு காய் காய்ச்சிக் காட்டு. அப்பால உன்னக் கூப்புடவே மாட்டேன். காய்க்கலன்னா, உகாதி அன்னிக்கு நானே வந்து கூட்டினு போயிருவேன்."

வெங்கடம்மா தைரியமாக ஒப்புக்கொண்டாள். கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. கத்தரி, தக்காளி, அவரை, கீரை, பந்தலில் பீர்க்கன் என்று எல்லாம் வைத்தாள். மாசியிலும் பங்குனியிலும் அந்த ஊரில் மழை பெய்து அவள் பார்த்ததில்லை. அவளை மழையும் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. அந்த வருஷம் பார்க்க வந்தது. வந்தது போகவில்லை.

பாலசமுத்திரத்தின் பெயரில்தான் சமுத்திரம் இருக்கிறதே தவிர, அந்த ஊர்க்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றித் தெரிந்த ஒரே வித்தை அதைப் போகவிடாமல் நிறுத்துவது. தலைமுறை தலைமுறையாக அதையே செய்து வந்த கைகள். எனவே முதல் மழைக்கு வெங்கடம்மாவின் கை மூளையைக் கேட்காமல் மண்வெட்டியை எடுத்து வரப்பை நன்றாக உயர்த்திக் கட்டியது. விடிந்து பார்த்தால் தோட்டம் ஒரு சிறிய ஏரியாகியிருந்தது. கொக்கு ஒன்று வந்து பார்த்துவிட்டுத் திருப்தியாக நின்றது.

கட்டியதை அவளே வெட்டிவிட்டாள். தண்ணீர் மரியாதையாகக் கிளம்பி, எருவையும் பாதித் தக்காளிச் செடிகளையும் உடன் அழைத்துக்கொண்டு, கீழே இருந்த ஏழுமலையின் வேர்க்கடலைக் கொல்லைக்குள் இறங்கியது. பக்கத்து நிலத்துக்காரன் ஏழுமலை கோபப்படத் தெரியாதவன். அதைவிட மோசமான ஒன்று அவனுக்குத் தெரியும்.

"அண்ணி, உங்க எருவு நம்ம கொல்லிக்கு வந்திருச்சு. சந்தோசம். கூடவே தக்காளிச் செடியும் வந்துக்கீது. இட்டுனு போறீங்களா, இங்கயே வளரட்டுமா?"

பதில் சொல்வதற்குள் அவன் தன் பக்கத்து வரப்பை இடுப்பளவு உயர்த்திவிட்டான். அவனும் அந்த ஊர்க் கைதானே. போன தண்ணீர் சொந்த வீட்டுக்குத் திரும்பி வந்தது, ஏழுமலையின் பங்கையும் சேர்த்துக்கொண்டு.

இந்த நிலையில்தான் பாபு உதவிக்கு வந்தான். பாபு அவள் கொழுந்தன் மகன். சித்தூரில் நெட் சென்டர் வைத்திருந்தான். அதனால் உலகத்தில் உள்ள எல்லாம் தனக்குத் தெரியும் என்பது அவன் எண்ணம். வெள்ளைக்காரன் நாட்டில் கொட்டகைக்குள்தான் பயிர் வைக்கிறார்கள் என்று சொல்லி, போன தேர்தலில் தோற்றுப்போன வேட்பாளர் ஒருவரின் பெரிய ஃபிளெக்ஸ் பேனரைக் கொண்டுவந்து, நான்கு மூங்கில் நட்டுத் தோட்டத்தின் மேல் கட்டினான்.

கும்பிட்ட கையோடு வானத்தைப் பார்த்துப் படுத்துக்கொண்டு வேட்பாளர் மழையை வாங்கினார். அவர் தொப்பையில் தண்ணீர் சேர்ந்துகொண்டே போனது. மத்தியானம் மூங்கில் ஒன்று சாய, அத்தனையும் ஒரே நேரத்தில் அவரைக் கொடியின் மேல் இறங்கியது. அவர் ஜெயித்திருந்தால்கூட இவ்வளவு வேகமாக எதையும் கொண்டுவந்து சேர்த்திருக்க மாட்டார்.

மறுபடி நிமிர்த்திக் கட்டினார்கள். நடுவில் வெயில் கொஞ்சம் தலைகாட்ட, பேனருக்கு அடியில் இட்லிக் கொப்பரை போல ஆவி கிளம்பியது. இலைகளில் புள்ளி விழுந்தது. நிழலும் ஈரமும் ஒரே இடத்தில் கிடைக்கிற செய்தி எப்படியோ பரவி, சுற்றுவட்டாரத்து நத்தைகள் எல்லாம் குடும்பத்தோடு வந்து தங்கின.

நத்தைக்கு வாத்துதான் என்றான் பாபு. அறுத்த நெல் வயல்களில் வாத்து மேய்க்கிற பச்சையம்மாள் அப்போது ஊர் எல்லையில் கொட்டாய் போட்டிருந்தாள். தன் வாத்துகள் செடியைத் தொடவே தொடாது என்று அவள் சத்தியம் செய்ததன் பேரில் ஒரு கூட்டம் உள்ளே விடப்பட்டது. வாத்துகள் கொஞ்சம் நத்தை தின்றன. வாய்க்கு மாறுதலாகக் கீரையைத் தின்றன. பிறகு கத்தரிப் பிஞ்சு எப்படி இருக்கும் என்று பார்த்தன. சாயங்காலம் நியாயம் கேட்க வெங்கடம்மா போனால், பச்சையம்மாள் அதற்கு முன்பே நியாயத்தோடு தயாராக இருந்தாள்.

"உன் தோட்டத்து நத்தய துன்னு என் வாத்துக்கெல்லாம் வயித்தால போவுது. இதுக்கு இன்னா சொல்ற?"

வெங்கடம்மா திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்து பெட்டியை எடுத்துத் துடைத்தாள். பெங்களூருக்கு எந்தப் புடவைகளைக் கொண்டுபோவது என்று யோசிக்கவும் தொடங்கினாள். ஒவ்வொரு புடவையைப் பற்றியும் திருப்பதிக்கு ஒரு கருத்து இருக்கும் என்று தோன்றியதும் பெட்டியை மூடிவிட்டாள்.

அடுத்த நாள் சுதீர் மறுபடி கூப்பிட்டான். உகாதி நெருங்குகிறது, பாபுவிடம் கேமரா இருக்கிறது, தோட்டத்தை நாலு போட்டோ எடுத்து மெயிலில் அனுப்பச் சொல் என்றான்.

தோட்டத்தில் அப்போது உயிரோடு இருந்தது பீர்க்கன் கொடியும் சில கத்தரிச் செடிகளும்தான். கொடியில் இலை நிறைய. பூவெல்லாம் மழையில் உதிர்ந்துவிட்டதால் ஒரு பிஞ்சுகூட இல்லை. பாபு அதைச் சுற்றிவந்து பார்த்தான்.

"காய்தானே இல்ல பெரிம்மா? கொண்டாந்துட்டா போச்சு."

சித்தூர் உழவர் சந்தையான ரைத்து பஜாருக்கு ஸ்கூட்டரில் போய், இரண்டு பை நிறையக் காய்கறியோடு திரும்பினான். பீர்க்கங்காய்களை வாழைநாரால் கொடியில் கட்டித் தொங்கவிட்டார்கள். கத்தரிக்காயை ஊசி நூலால் கோத்தார்கள். தக்காளியைக் கத்தரிச் செடியிலேயே கட்டிவிட்டதை ஏழுமலைதான் வரப்பில் நின்று சுட்டிக்காட்டினான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாபு பையின் அடியிலிருந்து காலிஃபிளவரும் கேரட்டும் குடமிளகாயும் எடுத்தான்.

"இது இன்னாடா? நான் வெக்கவே இல்லயே."

"கலரா இருக்கும் பெரிம்மா."

"அவனுக்குத் தெரியாதா?"

"அண்ணனுக்கா? அவரு கம்ப்யூட்டர் படிச்சவரு."

கேரட்டுகளைப் பாதி வெளியே தெரிகிற மாதிரி சேற்றில் வரிசையாக நட்டான். பெங்களூர்ப் பக்கம் விளைந்த காலிஃபிளவர், பெங்களூருக்குக் காட்டுவதற்காகப் பாலசமுத்திரத்துச் சேற்றில் உட்கார்ந்தது. பேனரைக் கழற்றி வேட்பாளரை மடித்து வைத்தார்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நடுவில் வந்து நின்ற வெங்கடம்மாவின் முகத்தில், திருடப் போன இடத்தில் மாலை போட்டு வரவேற்றால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு களை. மழை போட்டோவுக்கு மட்டும் வழிவிட்டு, பாபு கேமராவை மூடியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

அன்று சாயங்காலம் சுதீரின் குரலே மாறியிருந்தது. போட்டோக்களைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டிருந்தான்.

"எல்லாம் நம்ம நெலத்துலதானாம்மா?"

"பின்ன, யாரு நெலத்துல?"

"நீ ஒண்டியாவா பண்ண?"

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானித்திருக்கலாம். ஆனால் ஜெயித்துக்கொண்டிருக்கிறவர்கள் நிதானிப்பதில்லை. இனி எந்தக் காலத்திலும் இந்தப் பேச்சு எழக் கூடாது, வேரோடு பிடுங்கிவிட வேண்டும் என்று வெங்கடம்மாவுக்குத் தோன்றியது.

"ஆளு எதுக்கு நைனா? வெத போட்டா அதுவே வருது. நம்ம மண்ணு அப்பிடி. காலைல ஒருவாட்டி எட்டிப் பாத்தா போதும். மிச்ச நேரமெல்லாம் சும்மா உக்காந்துக்கினு கீறேன்."

மருந்து அடிக்க வேண்டாமா என்று கேட்டான். நம் மண்ணுக்கு மருந்து எதற்கு என்றாள். தண்ணீருக்குக் கஷ்டமில்லையா என்று கேட்டான். அந்த ஒன்றுக்கு மட்டும் அவள் உண்மையே சொன்னாள். தண்ணீருக்குக் கொஞ்சமும் கஷ்டமில்லை. அந்தப் பக்கம் சுமித்ரா ஏதோ கிசுகிசுப்பது கேட்டது. பிறகு சுதீர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரிம்மா. இனிமே உன்ன பெங்களூருக்குக் கூப்புட மாட்டேன்" என்றான்.

வெங்கடம்மா போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கொடியிலிருந்து அவிழ்த்த பீர்க்கங்காயைக் கூட்டு வைத்து, வெற்றியின் ருசி தெரியும்படி நெய் ஊற்றிச் சாப்பிட்டாள். ஏழுமலை வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போனது. காயில் நார் கொஞ்சம் அதிகம் அண்ணி, அது வாழைநாரா என்று அவன் கேட்டனுப்பியதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உகாதியும் வந்தது. மழையும் வந்தது. வெங்கடம்மா தலைக்குக் குளித்து, வேப்பம்பூப் பச்சடி செய்து, அதைத் திருப்பதியில் எப்படிச் செய்வார்கள் என்று யாரும் பக்கத்தில் நின்று சொல்லாத நிம்மதியில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள். அந்த வருஷம் பச்சடியில் கசப்பே தெரியவில்லை.

அப்போது தெருமுனையில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. சேற்றில் சிக்கி, உறுமி, நகர்ந்து, நேராக அவள் வாசலுக்கு எதிரில் வந்து நின்றது. பின்னால் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. ஓர் ஓரமாக ஒரு ஃபிரிஜ்ஜும் இரும்பு பீரோவும் எட்டிப் பார்த்தன. யாரோ வீடு மாறுகிறார்கள், வழி கேட்கப்போகிறார்கள் என்று வெங்கடம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்தாள்.

கிளீனர் குதித்து இறங்கினான். மழைக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தான்.

"சுதீர் சாரோட அம்மா நீங்கதானே? சாரு வேலைய உட்டுட்டு வெவசாயம் பண்ண இங்கயே வர்றாரு, மேடத்தோட பின்னால கார்ல வந்துகினு கீறாரு; சாமானுக்குக் காவலா முன்சீட்டுல குந்திக்கினு வர்ற திருப்பதி அம்மா மட்டும், அவங்க கட்டில உங்க கட்டிலுக்குப் பக்கத்துலயே போடணும்னு வழியெல்லாம் சொல்லிக்கினே வந்தாங்க."